தோம்பும் வழமையும்

யாழ்ப்பாணத்திலே காணி உறுதி எழுதுவித்தவர்களுக்குத் தோம்பு என்னுஞ் சொல் புதிதன்று. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் அது. இது இன்னாருடைய வளவு, இதன் பரப்பு இவ்வளவு, இதற்கு இறை இவ்வளவு என்று எண்ணி எழுதிய பெரும் பதிவேட்டுக்கு அது பெயர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அந்தத் தோம்பைப் புதுக்கினர். நிலத்தை மாத்திரமன்றி ஆட்களையும் பெயர் பெயராகப் பதிந்தனர். வரி கொள்வதற்கும் ஊழியம் கொள்வதற்கும் அப்பதிவு அவர்களுக்கு வேண்டியிருந்தது.

தோம்பு கையில் இருந்தும் அவர்களுக்கு ஒரு குறை இருந்தது. ஒரு வளவு யாருடையது என்று தோம்பு சொல்லும். தகப்பன் இறந்தபின் அது மகளுக்குச் சீதனமாகப் போகுமா, மகனுக்கு முதுசமாகப் போகுமா என்று அது சொல்லாது. அதனை அறிய வேண்டுமானால் ஊராரைக் கேட்க வேண்டும். 1706இல் தேசாதிபதியாயிருந்த கொர்னேலிஸ் சிமொன்ஸ் அவ்வாறு கேட்டு எழுதும்படி கட்டளையிட்டார். எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னுந் திசாவை. அவர் இந்த மக்களிடையே முப்பத்தேழு ஆண்டு வாழ்ந்து பழகியவர். 1707இல் அவர் எழுதி முடித்ததைத் தமிழாக்கி, முதலிமார் பன்னிருவர் கையிற் கொடுத்து, ‘இது உங்கள் வழமைதானா? பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டனர். அவர்கள் பார்த்து ஆமென்ற பின்னரே அது தேசவழமை ஆயிற்று. 1806இல் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஏற்றனர். இன்றும் எங்கள் காணி பூமிகளை ஆளுவது அதுவே.

தோம்பு ஒன்று, வழமை ஒன்று. முன்னையது எண்ணி அறிவது. பின்னையது கேட்டு அறிவது. முந்நூறு ஆண்டுக்கு முந்திய இந்தக் கதையை இப்பொழுது எதற்காக எடுத்தேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு.

இக்காலத்திலே புதியதொரு தோம்பு எழுதப்பட்டு வருகிறது. எழுதுவோர் என்று ஒருவரும் இல்லை. அது தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது. ஒரு கந்தோரை எடுத்துக்கொள்வோம். கந்தோர் என்னுஞ் சொல்லும் ஒல்லாந்தர் தந்ததே. காலையில் விரலை வைத்தவுடன் வந்த நேரம் பதிகிறது. கணினியைத் திறந்த நேரம், மூடிய நேரம் பதிகின்றன. யார் யாருக்கு மின்னஞ்சல் எழுதினார், எத்தனை நாழிகையில் மறுமொழி வந்தது, எந்தக் கூட்டத்துக்கு யார் அழைக்கப்பட்டார், யார் அழைக்கப்படவில்லை என்பன எல்லாம் ஓரிடத்திற் கிடக்கின்றன. ஒருவரையும் கேளாமலே, இந்தத் தடங்களைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை அறிந்துவிடலாம் என்று மேனாட்டாருள் ஒரு சாரார் சொல்லுகின்றனர்.

நிறுவனத்தின் பண்பாடு என்றால் என்ன? சுவரிலே மாட்டிய வாசகம் அன்று. எட்கர் ஷைன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1985இல் எழுதிய நூலில் அதனை மூன்று படியாகப் பிரித்தார். கண்ணுக்குத் தெரிவன முதற்படி. நாங்கள் இப்படிப்பட்டவர்கள் என்று வாயாற் சொல்லிக்கொள்வன இரண்டாம் படி. சொல்லாமலே எல்லாரும் ஒப்புக்கொண்டு நடப்பன மூன்றாம் படி. இந்த மூன்றாவதற்கு எங்களிடத்தில் நல்ல சொல் உண்டு. வழமை என்பதே அச்சொல்.

வாயாற் சொல்வதும் வழமையும் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்கு என்ரோன் என்னும் அமெரிக்கக் கம்பனியே சான்று. மரியாதை, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை என்னும் நான்கையும் தன் விழுமியங்களென அது பறைசாற்றியது. பொய்க் கணக்கு வெளிப்பட்டு, 2001 டிசம்பரில் அது வங்குரோத்தாயிற்று. விசாரணை செய்த அரச ஆணைக்குழு 2003இல் அக்கம்பனியாரின் மின்னஞ்சல்களைப் பகிரங்கப்படுத்தியது. ஏறக்குறைய 150 உத்தியோகத்தர்களின் ஐந்து இலட்சம் வரையிலான கடிதங்களை ஆராய்ச்சியாளர் இன்றுவரை அலசி வருகின்றனர். ஒரு பெருங் கம்பனி உள்ளே எப்படிப் பேசிக்கொண்டது என்பதை உலகம் அங்கே கண்டது. குற்றம் எதுவுஞ் செய்யாதவர் தம் வீட்டாருக்கு எழுதியவையும் அந்தக் குவியலோடு சந்திக்கு வந்தன என்பதையும் மறத்தலாகாது.

இன்னுமோர் ஆராய்ச்சி உண்டு. ஸ்டான்போர்ட், பேர்க்லி ஆகிய சர்வகலாசாலைகளைச் சேர்ந்த அமீர் கோல்ட்பேர்க், சமீர் ஸ்ரீவத்சவா முதலியோர் 2018இல் வெளியிட்டது. நடுத்தரமான ஒரு தொழினுட்பக் கம்பனியில் 601 பேர் ஐந்தாண்டுகளிலே தமக்குள் எழுதிய ஒரு கோடிக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒருவர் எழுதும் நடை சக ஊழியரின் நடையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, அந்த ஒப்பு மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணினியைக் கொண்டு கணித்தனர். வந்த நாளில் ஒத்திருந்தவரைவிட, வந்தபின் பழகிப் பழகி ஒத்துக்கொள்ளக் கற்றவரே நிலைத்தார் என்பது அவர்கள் கண்ட முடிபு. வேலையை விட்டுப் போகப் போகிறவரின் நடை முன்கூட்டியே விலகத் தொடங்கிவிடுகிறதாம்.

இதனைப் படித்தபொழுது எனக்கு வியப்புண்டாயிற்று. ஒருவன் எந்த ஊரான், எந்தக் கூட்டத்தான் என்பதை அவன் சொற்களைக் கொண்டே அறியலாம் என்பது மொழி படித்தவர்களுக்குப் பழைய செய்தி. அதனை மேனாட்டார் கோடிக்கணக்கில் எண்ணி நிறுவிவிட்டனர். உள்ளத்தை நேரே கேட்டால் உதடு வேறு சொல்லும். வினாக்கொத்தைக் கொடுத்து, ‘உங்கள் கந்தோர் எப்படி?’ என்று கேட்டால், மேலதிகாரி காண்பாரென்ற அச்சத்தால் எல்லாரும் நன்று என்றே எழுதுவர். தடம் அவ்வாறு முகங்கொண்டு பேசுவதில்லை. இவ்வளவில் புதிய தோம்பின் பக்கம் நியாயம் உண்டு.

ஆயினும் இலக்கணம் படித்தவன் ஒருவன் இவ்விடத்திலே ஒரு கேள்வி கேளாதிருக்க முடியாது. அந்த ஆராய்ச்சியாளர் எண்ணியவற்றுள் தன்மை இடப்பெயர்களும் அடங்கும். ஒருவன் நான் என்று பேசுகிறானா, நாம் என்று பேசுகிறானா என்பது அவன் கூட்டத்தோடு நிற்கும் நிலையைக் காட்டும் என்பது கருத்து. நல்ல கருத்தே. ஆனால் ஆங்கிலத்திலே தன்மைப் பன்மைக்கு ‘வீ’ என்னும் ஒரு சொல்லே உண்டு. தமிழிலே நாம் வேறு, நாங்கள் வேறு. முன்னிலையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையையும், அவரை விலக்கிப் படர்க்கையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையையும் எங்கள் இலக்கண ஆசிரியர்கள் பிரித்துக் காட்டினர். பேச்சிலே அவ்வேறுபாடு சிலவேளை மயங்கினும் எழுத்திலே அது நிற்கிறது. ‘நாம் இதனைச் செய்து முடிப்போம்’ என்று எழுதும் அதிகாரி கேட்போனைத் தோளில் கைவைத்து அழைக்கிறார். ‘நாங்கள் தீர்மானித்துள்ளோம்’ என்று எழுதுபவர் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து பேசுகிறார். இரண்டையும் ஒரே பெட்டியிற் போட்டு எண்ணினால் கிடைக்கும் தொகை பெரிதாயிருக்கும், பொருள் இராது.

முன்னிலையை எடுத்துக்கொண்டால் இன்னும் நுட்பம். யாழ்ப்பாணத்தவனுக்கு நீ உண்டு, நீர் உண்டு, நீங்கள் உண்டு. ‘இரு’ என்பதற்கும் ‘இரும்’ என்பதற்கும் ‘இருங்கோ’ என்பதற்கும் இடையிலே ஒரு கந்தோரின் வழமை முழுவதும் அடங்கிக் கிடக்கும். வயதில் மூத்த சிற்றூழியரை இளைய உத்தியோகத்தர் எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்று கேட்டாற் போதும். நூறு பக்க அறிக்கை வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல் கடிதத்தில் வருவதில்லை. கடிதம் ஆங்கிலத்திற் போகிறது, அல்லது ஆங்கில எழுத்திலே தமிழாகப் போகிறது. வழமை வாசற்படியிலும் தேநீர்க் கோப்பையிலும் நின்றுவிடுகிறது.

இவ்வாறெல்லாம் தருக்கம் பேசிக்கொண்டிருந்த என்னைச் சென்ற ஆண்டு ஒரு சிறு நிகழ்ச்சி தலைகுனிய வைத்தது. அதனை ஒளியாமற் சொல்லுதலே முறை.

நான் கற்பிக்கும் கீழைத்தேயக் கல்லூரியிலே ஆசிரியர்களுக்கென ஒரு வைபர் குழு உண்டு. நேரசூசி, சுற்றறிக்கை, மரண அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதிலே வரும். தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் அந்தக் குழுவின் ஆறு மாதச் செய்திகளைக் கணினியில் இட்டு எண்ணிப் பார்த்தார். தமது மேற்படிப்புக்கு ஒரு பயிற்சியாகவே அதனைச் செய்தார். ஒருநாள் ஓய்வறையிலே என்னருகில் வந்து, ‘ஐயா கோபிக்காவிட்டால் ஒன்று காட்டுவேன்’ என்றார்.

‘எல்லாரையும் கேட்டா எண்ணினீர்?’ என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். ‘எல்லாரும் பார்க்கிற குழுதானே ஐயா’ என்றார். சந்தியிலே நின்று பேசுவது வேறு, சந்தியிலே பேசியதை ஒருவன் ஒளித்திருந்து எழுதி வைப்பது வேறு என்று அவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். நடத்திவிட்டு, காட்டும் என்றேன். பார்க்கும் ஆசை எனக்கும் இல்லாமலில்லை.

அதிலே மூன்று செய்திகள் இருந்தன. முதலாவது, அந்தக் குழுவிலே கேள்வி என்பதே அருமை. இரவு ஒன்பது மணிக்குப் பின் வரும் அறிவித்தல்களுக்கும் ‘சரி’ என்றும் ‘நன்றி’ என்றும் மறுமொழி வரிசையாக வரும். ‘ஏன்’ என்று ஒருவரும் கேட்டதில்லை. இரண்டாவது, ஓர் ஆசிரியை ஆறு மாதமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. மூன்றாவது, என்னைப் பற்றியது. நான் எழுதிய செய்திகளிற் பெரும்பாலானவை பிறருடைய எழுத்துப் பிழையைத் திருத்தியவை. லகர ளகரமும் ஒற்று மிகுதலும் பற்றியவை. நான் ஒருவரைத் திருத்திய பின், அவர் அக்குழுவிலே தமிழில் எழுதுவது குறைந்துகொண்டே போயிற்று. சிலர் ஆங்கில எழுத்துக்கு மாறினர். சிலர் பெருவிரற் குறியோடு நின்றுகொண்டனர்.

இந்த மண்ணிலே முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தேன் என்று இறுமாந்திருந்தவன் நான். தமிழை வளர்ப்பதாக எண்ணி ஒவ்வொருவராக வாயடைத்திருக்கிறேன். இதனை ஒரு மனிதர் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார். எண் சொல்லிற்று. அதற்கு முகத்தாட்சணியம் இல்லை.

ஆயினும் அது பாதிக் கதையே. ஏன் மாறினார்கள் என்பதை எண் சொல்லவில்லை. அந்த இளைஞர் தாம் செய்ததை அதிபரிடம் ஒப்புக்கொண்டார். பெயர்களை நீக்கி, ஆசிரியர் கூட்டத்திலே வாசித்துக் காட்டும்படி அதிபர் சொன்னார். என்னுடைய பெயரை மட்டும் நீக்கவேண்டாமென்று நானே கேட்டுக்கொண்டேன். வாசித்து முடிந்ததும் சிறிது நேரம் மௌனம். பின்பு இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, ‘தமிழிலே எழுதினால் ஐயா திருத்துவீர்கள். பிழை பிடித்ததற்காக அல்ல ஐயா, எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதுதான் வெட்கம். தனியாகச் சொல்லியிருந்தால் நன்றி சொல்லியிருப்போம்’ என்றார். இலக்கணம் பிழையன்று, இடம் பிழை. அதனை எந்தக் கணினி சொல்லும்?

ஒரு சொல்லும் எழுதாத ஆசிரியையைக் கணக்கு ‘ஒதுங்கியவர்’ என்னும் வகையிலே சேர்த்திருந்தது. பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் ஆள் விளங்கிவிட்டது. அவரே சிரித்துக்கொண்டு விடை சொன்னார். மாலையிலே அவருடைய கைத்தொலைபேசி மகனின் படிப்புக்குப் போய்விடும். பாடசாலைக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்குச் சைக்கிளிற் போய் விசாரித்து வருபவர் அவரே என்பதை வேறொருவர் எழுந்து சொன்னார். அந்தச் சைக்கிளின் தடம் மணலிலே உண்டு, தோம்பிலே இல்லை. எங்கள் கல்லூரியின் வழமை இன்னதென்று ஒருவர் கேட்டால், நான் முதலிற் காட்டக்கூடியது அந்தச் சைக்கிளையே. அதனைக் கணக்கு ஒதுங்கலென்று எழுதிற்று.

அன்று எனக்கு இரண்டு உண்மை விளங்கின. எண்ணாமல் இருந்திருந்தால் என் பிழை எனக்குத் தெரிந்திராது. எண்ணியதோடு நின்றிருந்தால் அந்த ஆசிரியைக்குப் பெரும் அநியாயம் நடந்திருக்கும். தோம்பு வேண்டும், அதனை வழமை அறிந்தவர் முன் வாசிக்கவும் வேண்டும்.

இது ஒரு சிறு கல்லூரியின் கதை. பெரிய இடங்களிலே வாசித்துக் காட்டுவார் இல்லாமையினாலேயே தொல்லை விளைகிறது. 2020 நவம்பரில் மைக்ரோசொப்ட் கம்பனியார், ஊழியர் ஒவ்வொருவரும் மின்னஞ்சல் முதலியவற்றை எத்தனை நாள் பயன்படுத்தினார் என்பதைப் பெயரோடு மேலதிகாரிக்குக் காட்டும் ஓர் ஏற்பாட்டை வெளியிட்டனர். கண்டனம் எழவே, சில நாட்களுக்குள் தனியாள் பெயர்களை நீக்கிவிட்டனர். நிறுவனத்தை அறியப் புறப்பட்ட கருவி ஆளைக் காட்டிக்கொடுக்கும் கருவியாக மாறுவதற்கு ஒரு பெயர்ப்பட்டியல் போதும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

எங்கள் நாட்டிலும் 2025 ஓகஸ்டில் தபால் ஊழியர் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தனர். அவர்கள் முன்வைத்த பிணக்குகளுள் விரலடையாளப் பதிவும் ஒன்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இங்கே என் நோக்கமன்று. நேரத்துக்கு வருதல் கடமை. பொதுப் பணத்திற் சம்பளம் பெறுபவன் அதற்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் வரவைப் பதிவது வேறு, வழமையை அறிவது வேறு. தண்டிப்பதற்காக எழுதும் ஏட்டிலே மக்கள் தம் உண்மை முகத்தைக் காட்டமாட்டார்கள். ஊழியத்துக்கு ஆள் பிடிக்க எழுதிய தோம்பிலே தன் பெயர் விழுவதை எவன் விரும்பியிருப்பான்? எண்ணப்படுகிறோம் என்று அறிந்தவுடன் மனிதன் எண்ணுக்காக நடக்கத் தொடங்குவான். மறுமொழியின் வேகத்தை அளந்தால், வாசியாமலே ‘சரி’ என்று எழுதுவான். அப்பொழுது அளப்பவன் தான் உண்டாக்கிய அச்சத்தையே அளந்து, அதற்குப் பண்பாடு என்று பெயரிடுகிறான்.

ஆகவே இந்தப் புதிய கருவியைத் தள்ளிவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. மூன்று நிபந்தனைகளோடு கொள்ளலாம் என்கிறேன். எதற்காகப் பதிகிறோம் என்பதைப் பதியப்படுவோருக்கு முன்னரே சொல்லுதல் வேண்டும். ஒரு நோக்கத்துக்கென்று பெற்றதை வேறு நோக்கத்துக்கு எடுத்தலாகாது. தனியாள் தரவுகளைக் காப்பதற்காக இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நோக்கத்தை வரையறுத்தலை வற்புறுத்துகிறது. இரண்டாவது, ஆளை எண்ணாமல் வழமையை எண்ணுதல் வேண்டும். பெயர் கழிந்தபின் எஞ்சுவதே பண்பாடு. மூன்றாவது, கண்டதை உரியவர்களிடமே திருப்பிக் கொண்டுவந்து, ‘இது உங்கள் வழமைதானா?’ என்று கேட்டல் வேண்டும்.

இந்த மூன்றாவதிலே ஒல்லாந்தர் எங்களுக்கு வழிகாட்டினர் என்று முதலிற் சொன்னேன். அவர்கள் விட்ட பிழையையும் சொல்லாமல் விடுதல் தகாது. தேசவழமை நூலிலே அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அவர்களை யார் உடைமையாகக் கொள்வது, அவர்களுடைய மக்கள் யாருக்கு உரியர் என்பதெல்லாம் வழமை என்று எழுதப்பட்டது. ஒப்புதல் கேட்கப்பட்டதோ முதலிமார் பன்னிருவரிடம். அடிமையாயிருந்தவர் ஒருவரும் அந்தப் பன்னிருவருள் இல்லை. எழுதிய ஏடு அநியாயத்துக்கு வழமை என்று முத்திரை குத்திற்று. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிய 1844 வரை செல்லவேண்டியிருந்தது.

இன்றைய கந்தோர்களிலும் அறிக்கையை வாசித்து ஆமென்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பன்னிருவரின் வழிவந்தவர்களே: பணிப்பாளர், செயலாளர், பகுதித் தலைவர். வாயிற்காவலரிடமும், கூட்டித் துடைப்பவரிடமும், கணினியையே தொடாத சிற்றூழியரிடமும் அந்த ஏட்டைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவார் யார்? அவர்களுடைய தடம் மின்னஞ்சலில் விழுவதில்லை. ஆயினும் ஒரு நிறுவனத்தின் வழமையைத் தன் உடம்பிலே தாங்குபவன், அதன் கடைசிப்படியில் நிற்பவனே. கேள்வி அங்கிருந்து தொடங்கவேண்டும்.

எங்கள் குழுவிலே இப்பொழுது நான் ஒருவரையும் திருத்துவதில்லை. பிழை கண்டால் ஓய்வறையிலே தனியே கண்டு சொல்லுகிறேன். சென்ற மாதம் ஓர் இரவு அறிவித்தலுக்கு, அந்த இளம் ஆசிரியை தமிழிலே ‘ஏன் ஐயா, நாளைக்கு வைக்கக் கூடாதா?’ என்று கேட்டு எழுதியிருந்தார். ஓர் ஒற்று மிகாமல் விட்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். ஆறு மாதக் கணக்கிலே காணக் கிடையாதிருந்த ‘ஏன்’ அல்லவா அது!